சோர் பஜாரை வலம் வந்த சனிக்கிழமை

ஜனவரி 8, வியாழன்

பனி. எட்டு மணி வரைக்கும் மலையே தெரியல. பை ரெடி: சட்டை ரெண்டு, பிரஷர் மாத்திரை, வறுத்த மல்லாட்டைக் கடலை ரெண்டு கிலோ. சாயங்காலம் காட்பாடியில ரயில். பம்பாய்.

போறது மக கவிதாவைப் பாக்க. அவ வீட்டுக்காரன் ரோகித்தை இல்ல. தானா பாத்துக் கட்டிக்கிட்டா. ஒன்றரை வருஷமா அவன்கிட்ட நான் ஒரு வார்த்தை பேசல. வீட்டுக்காரி வள்ளி வாசல்ல நின்னு சொன்னா: "மாப்பிள்ளைனு வாய் நிறைய ஒரு தடவ கூப்பிட்டுட்டு வாங்க. கொறஞ்சா போயிடுவீங்க?"

பாக்கலாம். சோர் பஜார் மட்டும் கட்டாயம் பாக்கணும். சின்ன வயசுல பாத்த இந்திப் படத்துல பாதி சண்டை அந்தப் பழம்பொருள் தெருவுலதான்.

ஜனவரி 10, சனி

கவிதாவுக்கு லீவு கிடைக்கல. கூட வந்தது அவன். டாக்சியில ஆளுக்கொரு ஜன்னல்.

தெரு அப்படியே சினிமா. கிராமபோன், கப்பல் விளக்கு, ராஜா நாற்காலி. சண்டை போட்டு ஒரு பீங்கான் கூட உடையல, அது ஒண்ணுதான் குறை.

மூணாவது கடையில பித்தளை ஹாரன், ரப்பர் உருண்டை வச்சது. அழுத்தினேன். பாம்ப்! முப்பது வருஷம் கீழ்பென்னாத்தூர் ரூட்ல பஸ் ஓட்டியும் இப்படி ஒண்ணு கைக்கு வரல. கடைக்காரன் விலை சொன்னான். "ஜாஸ்தி"ன்னேன். புரிஞ்சுது! "கம்மி"ன்னேன். அதுவும்! ஆனா மசியல. கூப்பிடுவான்னு விறைப்பா நடந்தேன். கூப்பிடல.

தெருமுனையில மனசு கேக்கல, வாங்கிடலாம்னு தோணிச்சு. வந்த வழியை ரோகித் காட்டினான். எனக்குக் கால் திரும்பல. மாசாமாசம் கிரிவலம் போற கால், ஒருநாளும் எதிர்ப்பக்கம் நடந்ததில்ல. இது கடைத்தெருடானு புத்தி சொல்லுது, யார் கேக்கறா? வலது, மறுபடி வலது. டயர் கடை, ஆட்டுக்கூட்டம், சேறு. ஏன்னு ஒரு கேள்வி இல்லாம பின்னாலயே வந்தான். பாதியில அவன் செருப்பு வார் அறுந்துடுச்சு. ரெண்டையும் கையில எடுத்துக்கிட்டு வெறுங்காலோட நடக்கறான். கிரிவலம் வர்றவனாட்டமே.

எனக்கு என்னமோ ஆயிடுச்சு. "கால் வலிக்குதா?"ன்னேன். தமிழ் புரியல. சிரிச்சான்.

சுத்தி வந்தா ஹாரன் இல்ல. சினிமாக்காரங்க வாங்கிட்டுப் போயிட்டாங்களாம், கடைக்காரன் சைகையிலயே சொன்னான். அட கிரகமே! ரெண்டு பேருக்கும் சிரிப்பு அடங்கல. டீ, ஆளுக்கு ரெண்டு.

ஜனவரி 13, செவ்வாய்

ஊர் வந்தாச்சு. முழங்கால் வீக்கம். வள்ளி முதல்ல கேட்டது: "கூப்பிட்டீங்களா?" நேரா குளிக்கப் போயிட்டேன். அவன் ரயில் ஏத்திவிட வந்தப்பக் கூட வாய் வரல. உறுத்துது.

ஜனவரி 18, ஞாயிறு

நல்ல வெயில். போர்வை எல்லாம் காயப் போட்டோம். மோட்டார் ரிப்பேர், ஆள் வரல.

கவிதா போன். அப்பா ஏன் அப்படிச் சுத்தினார்னு அவன் கேட்டானாம், இவ கிரிவலம் பத்திச் சொல்லியிருக்கா. "அப்பா, தைப் பௌர்ணமிக்கு வராராம். உங்க கூடதான் நடக்கணுமாம். பதினாலு கிலோமீட்டர்னு பயமுறுத்தினேன். செருப்புதான் போட வேணாமே, அறுந்துபோற பயமில்லங்கறார்."

மேல் ரூமுக்கு வெள்ளையடிக்கணும். கொசுவலை ஒண்ணு. வள்ளிகிட்ட சொல்லணும், குழம்புல காரம் கம்மியா போடட்டும். மாப்பிள்ளைக்கு ஆகாது.