யார் கூப்பிட்டது

1954, ஐப்பசி, செவ்வாய்க்கிழமை.

குரங்கணிக்கு மேலே எங்கள் ஏலத்தோட்டத்துக் காவல்காரர் கருப்பையா சனிக்கிழமை இரவு காணாமல் போனார். போலீசுக்கு அனுப்ப இன்று நான் இங்கிலீஷில் ரிப்போர்ட் எழுதினேன். 'அழைக்கப்பட்டு வெளியே சென்றார்' என்ற வரியை மேனேஜர் அடித்துவிட்டார்.

"யார் கூப்பிட்டது? ஆளை முதல்ல எழுதும். அப்பத்தான் படிக்கிறவனுக்குப் புரியும்."

நியாயம்தான். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போய்க் கருப்பையாவின் மனைவியிடம் கேட்டேன். அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"நீங்கதானே அண்ணே கூப்பிட்டீக. 'கருப்பையா, வெரசா வா'ன்னு உங்க குரல்தான் கேட்டுச்சு. கிளார்க்கய்யா கூப்பிடுறாரு, போயிட்டு வர்றேன்னுதான் போனாரு."

"நான் அன்னைக்குப் போடியில, வீட்டுல இருந்தேன் ஆத்தா."

அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

திரும்பி வந்து எழுதினேன். 'அவருடைய மனைவி என் குரலைக் கேட்டாள். அவர் வெளியே போனார். நான் போடியில் இருந்தேன்.' எல்லாம் சின்னச் சின்ன வாக்கியம், ஒரு பிழையும் இல்லை. மேனேஜர் படித்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார்.

"போடியில உம்மை யார் பார்த்தது?"

என் மனைவி பிரசவத்துக்குத் தேவாரத்தில் தாய் வீட்டுக்குப் போயிருக்கிறாள். அன்று சாயங்காலமே கதவைச் சாத்திப் படுத்துவிட்டேன். இப்போதும் யோசிக்கிறேன். யாரும் பார்க்கவில்லை.