சனிக்கிழமை பத்து மணிக்கு யார் வருவாங்க, மாமா?

எப்பக் கூப்பிட்டாலும் ரெண்டாவது மணியிலேயே ஃபோனை எடுக்கிற என் மாமாவுக்கு,

நீங்க போய் ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. இங்க ஜொகூர் பாருவுல நானும் யாழினியும் நல்லா இருக்கோம்னு எழுதத்தான் ஆசை. ஆனா உங்ககிட்ட நான் என்னைக்கு நல்லதச் சொல்லியிருக்கேன்? "உங்க மகனைப் பாருங்க மாமா"ன்னுதான் எப்பவும் ஆரம்பிப்பேன். இன்னைக்கும் அப்படித்தான், கோவிச்சுக்காதீங்க.

டைவர்ஸ் ஆனப்ப யாழினிக்கு ஆறு வயசு. பிள்ளை என்கிட்ட, ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ சனி ஞாயிறு அப்பாகிட்டன்னு கோர்ட்டுல எழுதிக் குடுத்தாங்க. முதல் தடவ உங்க மகன் கூட்டிட்டுப் போக வந்தப்ப, எங்க ஃபிளாட்டுக்குக் கீழ காடி நிறுத்துற எடத்துல ரெண்டு பேரும் கத்தின கத்துல பிள்ளை காதைப் பொத்திக்கிட்டு நின்னா. அதுக்கப்புறம் நீங்கதான் வந்தீங்க. நீங்களும் அவரும் இருக்கிற பெக்கான் நானாஸ்லேர்ந்து காடிய ஓட்டிக்கிட்டு, சரியா பத்து மணிக்கு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் திரும்பக் கொண்டாந்து விடறதும் நீங்கதான். ரெண்டு வருஷத்துல ஒரு தடவகூடத் தவறல.

நானும் அவரும் பேசறது மெசேஜ்லதான். நாளைக்கு வக்கீல் படிச்சா என்ன நெனைப்பாருன்னு யோசிச்சு யோசிச்சு எழுதற மெசேஜ். மத்ததெல்லாம் உங்க வழியா. பிள்ளைக்குக் காய்ச்சல்னா உங்களுக்கு ஃபோன் அடிப்பேன். அவர் மேல கோவம் வந்தாலும் உங்களுக்குத்தான். "சரிம்மா, நான் சொல்றேன்லா"ன்னு கேட்டுக்குவீங்க. உண்மையிலேயே அவர்கிட்ட சொன்னீங்களா, இல்ல பாதிய முழுங்கிட்டீங்களா?

உங்க காரியமெல்லாம் முடிஞ்சு அப்பாகிட்டப் போக வேண்டிய முதல் சனிக்கிழமை. யாழினி எட்டரைக்கே குளிச்சு, பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு, கதவுகிட்ட உக்காந்துட்டா. பத்து ஆச்சு. பதினொண்ணு ஆச்சு. பையக் கழட்டுன்னா கழட்ட மாட்டேங்கிறா. பன்னெண்டு மணிக்கு என்னைப் பாத்து, "ம்மா, தாத்தா இல்லேன்னா அப்பாவுக்கு நான் வேணாமா?"ன்னு கேட்டா.

உடனே உங்க மகனுக்கு "ஏன் கூட்டிட்டுப் போக வரல?"ன்னு மெசேஜ் போட்டேன். அதே நிமிஷம் அங்கேர்ந்து ஒண்ணு வந்துச்சு. "பிள்ளைய ஏன் அனுப்பல?"

அலமாக்! அனுப்பறதா? யார்கூட அனுப்பறது? ரெண்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வக்கீலுக்குத் தட்டிவிட்டேன். இனிமே இந்த சனி ஞாயிறே வேணாம், நிப்பாட்டச் சொல்லி மனு போடுங்கன்னு எழுதினேன். திங்கக்கிழமை வந்து கையெழுத்துப் போடுங்கன்னு பதில் வந்துச்சு. அப்பவும் ஆத்திரம் அடங்கல. ஃபோனை எடுத்து உங்க நம்பருக்கு அடிச்சிட்டேன்.

பழக்கம் மாமா. கை தானா போயிடுச்சு. மணி அடிக்க ஆரம்பிச்சப்புறம்தான் ஐயோன்னு உறைச்சுச்சு. கட் பண்றதுக்குள்ள அந்தப் பக்கம் எடுத்துட்டாங்க. உங்க மகன்தான். இன்னும் ஆளுங்க உங்க நம்பருக்குக் கூப்பிட்டு விசாரிக்கிறாங்கன்னு ஃபோனை அவரே வச்சிருக்கார்.

அவர்தான் முதல்ல, "அப்பாவையா கூப்பிட்ட?"ன்னு கேட்டார்.

"ஆமா. உங்களப் பத்திச் சொல்லத்தான்."

"நானும் காலையில அப்பா ரூம் கதவைத் தட்டிட்டேன் கவி. 'பா, டைம் ஆச்சு, போய்ப் பிள்ளைய அழைச்சிட்டு வாங்க'ன்னு. தட்டினப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. முதல் தடவ வந்த அன்னைக்கு 'இந்தப் பக்கம் தலை காட்டாதீங்க'ன்னு நீ கத்தினது இன்னும் காதுலயே நிக்குது. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அங்க வர்றது? நீயே அனுப்புவேன்னு வாசலையே பாத்துக்கிட்டு இருந்தேன்."

சொல்லிட்டு அந்த மனுஷன் தேம்பித் தேம்பி அழுதார். எட்டு வருஷம் குடும்பம் நடத்தி நான் ஒரு நாளும் கேக்காத அழுகை. நானும் அழுதேன். சாவு வீட்டுல நான் பின்னால நின்னுட்டு, யாருகிட்டயும் பேசாம வந்துட்டேன் இல்ல? அங்க அழாததெல்லாம் அன்னைக்குத்தான் வந்துச்சு.

"நீ அடிச்சப்ப ஃபோன்ல என்ன பேரு வந்துச்சு தெரியுமா? 'மருமக'ன்னு. அப்பா மாத்தவே இல்ல" அப்படின்னார்.

காடி சாவியை எடுத்து, யாழினியை ஏத்திக்கிட்டு உங்க வீட்டுக்குக் கிளம்பினேன்.

வழியில யாழினி ரெண்டு தடவ வாந்தி எடுத்தா. காடியில போனா அவளுக்குத் தலை சுத்துமாம், தாத்தா பாதியில நிறுத்தி அன்னாசி வாங்கித் தருவாங்களாம். பெத்தவ எனக்கு இது தெரியாது, அவருக்கும் தெரியாது. நாங்க ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கிட்டிருந்த நேரத்துல பிள்ளைய வளத்தது நீங்கதான் போல.

திங்கக்கிழமை கையெழுத்துப் போட நான் போகல. மனு வேணாம்னு சொல்லிட்டேன். அதுக்காக உங்க மகனை மன்னிச்சிட்டேன்னு சந்தோஷப்படாதீங்க. அது வேற பேச்சு. ஆனா பிள்ளைக்கு அப்பா வேணும். அத இல்லாமப் பண்ற அளவுக்குப் போயிட்டேனேன்னு இப்ப நெனைச்சாலும் பயமா இருக்கு.

ஒண்ணு மட்டும் நெஞ்ச அறுக்குது மாமா. ரெண்டு வருஷம் வந்தீங்க. ஒரு தடவயாவது "மேல வாங்க மாமா, ஒரு கப் தே ஓ குடிச்சிட்டுப் போங்க"ன்னு கூப்பிட்டேனா? அவர் மேல இருந்த கோவத்துல உங்களைக் கீழயே வெயில்ல நிக்க வச்சேன். நீங்களும் ஒரு வார்த்தை கேக்கல.

இனிமே சனிக்கிழமை நான் கொண்டுபோய் விடறேன். ஞாயித்துக்கிழமை அவர் கொண்டாந்து விடுவார். பிள்ளை முன்னால கத்த மாட்டேன். வர்ற மனுஷனைக் கீழ நிக்க வைக்க மாட்டேன், மேல கூப்பிட்டு உக்கார வச்சுத்தான் அனுப்புவேன். இது நான் உங்களுக்குக் குடுக்கிற வாக்கு.

இப்பவும் உங்க மருமக,
கவிதா