சாமியோடு ஒரு சண்டை

உத்தரகோசமங்கை பக்கம்,
தை மாதக் கடைசி

அன்புள்ள சோலைக்கு,

மேலே பிள்ளையார் சுழி போடவில்லை. சாமி சம்பந்தப்பட்ட எதைப் பார்த்தாலும் இப்போது உனக்குக் கோபம் வருகிறது என்று தெரியும். கிழித்துப் போட்டுவிடாமல் கடைசி வரை படி. உன் அண்ணன் சேதுபதி மதுரை ஆஸ்பத்திரிக்கு வருகிறார், அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். போனில் நீ ‘நல்லா இருக்கோம்’ என்கிறாய், நானும் அதையே சொல்கிறேன். இரண்டு பேரும் பொய் சொல்லிவிட்டுப் போனை வைக்கிறோம். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் நல்ல சேதி. வெள்ளாடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது. ஒன்று முழுக் கறுப்பு, காது மட்டும் வெள்ளை. தங்கச்சி வந்துதான் பெயர் வைக்க வேண்டும் என்று சிநேகா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அதுவரை அது வெறும் ‘ஏ குட்டி’தான். கவிப்ரியாவிடம் சொல், படுத்தபடியே ஒரு பெயரை யோசித்து வைக்கட்டும். சிநேகாவுக்கு நான்தான் சடை பின்னிவிடுகிறேன். பள்ளிக்கூடம் போனதும் டீச்சர் அதை அவிழ்த்துவிட்டு மறுபடி பின்னுகிறாராம். ‘அய்யா, நீங்க கயிறு திரிக்கிற மாதிரி பின்றீக’ என்கிறாள்.

காய் பழுக்கிற நேரத்தில் மழை கொட்டிவிட்டது. மேலக்காட்டு மிளகாய் முழுக்க வேரழுகிப் போய்விட்டது. கீழ்க்காட்டில் பாதி தப்பும். பக்கத்துக் காட்டு இருளம்மாள் மதினி தானாகவே வந்து, பொழுது சாயும் வரை என்னோடு நின்று, தேங்கிய தண்ணீரை வடிய வெட்டிவிட்டார். கூலி என்று வாயைத் திறந்தேன். ‘கவி எனக்கும் மகதான், பேசாம மம்பட்டியப் பிடிங்க’ என்று அதட்டினார்.

இனி, சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை போனில், ‘சாமின்னு ஒண்ணு இருந்தா பச்சப்புள்ள ரத்தத்துல புத்துநோய வைக்குமா? இனிமே எங்கிட்டச் சாமி பேச்ச எடுக்காதீக’ என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். கல்யாணமானதிலிருந்து திங்கட்கிழமை தவறாமல் மங்கைக் கோயிலுக்குப் போனவள் நீ. உன்னை வாசலில் இறக்கிவிட்டு டீக்கடையில் பேப்பர் படித்தவன் நான். சாமி காரியமெல்லாம் நீ பார்த்துக்கொள்வாய் என்று நிம்மதியாக இருந்துவிட்டேன். நீயே கையை விட்டுவிட்டால் நம் வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

உடனே வண்டியை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். கும்பிடப் போகவில்லை, கேட்கப் போனேன். சன்னதியில் கைகூடக் கூப்பவில்லை. ‘இம்புட்டு வருசமா அவ ஒனக்கு வெளக்குப் போட்டாளே, அந்த வெளிச்சத்துல எம்மகளப் பாக்கலையா நீ?’ என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். குருக்கள் விபூதித் தட்டோடு உள்ளே போய்விட்டார்.

வெளியே வந்து இலந்தை மரத்தடியில் உட்கார்ந்தேன். சண்டை அங்கேயும் ஓயவில்லை. வாய்க்குள்ளேயே ஏசிக்கொண்டிருந்தேன். ஏசியது போய், வேறு என்னென்னவோ வந்தது. பிள்ளையின் தலைமுடி கொத்துக் கொத்தாகத் தலையணையில் கிடந்ததைப் பார்த்துவிட்டு நான் ஆஸ்பத்திரி மாடிப்படியில் போய் நின்றது. சிநேகா முன்னால் சிரித்துவிட்டு மோட்டார் ரூமுக்குள் போய் அழுவது. உன்னிடம்கூடச் சொல்லாததையெல்லாம் அங்கே உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தேன், சோலை. அப்போதுதான் உறைத்தது. இல்லாத ஒருத்தனிடம் யாராவது இவ்வளவு சண்டை போடுவார்களா?

பதில் எதுவும் வரவில்லை. அதிசயமும் நடக்கவில்லை. பாரம் குறைந்தது என்றும் சொல்ல மாட்டேன். நெல் மூட்டையைத் தனியாகத் தூக்கித் திணறும்போது மறுமுனையை யாரோ வந்து பிடித்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. மூட்டையின் கனம் அதேதான். ஆனால் நான் தனியாக இல்லை. நல்ல காலத்தில் டீக்கடையோடு நின்றுவிட்டவனுக்கு, இந்தக் கெட்ட காலத்தில்தான் உள்ளே போக வழி தெரிந்தது. அன்றிலிருந்து காட்டில் வேலை செய்யும்போதெல்லாம் சாமியோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். பாதி நேரம் ஏச்சுத்தான். அவர் கேட்டுக்கொள்கிறார்.

உன்னைக் கும்பிடச் சொல்லி இதை எழுதவில்லை. உன் கோபம் நியாயமானது. நீ கோயிலுக்குத் திரும்ப வரும் வரைக்கும் திங்கட்கிழமை விளக்கை நான் போடுகிறேன். நீ வராமலே போனாலும் போடுகிறேன்.

இன்னொன்று. முதல் மருந்து கேட்கவில்லை, வேறு மருந்து ஆரம்பிக்கப் போகிறார்கள் என்று டாக்டர் சொன்னதை உன் அண்ணன் சொல்லிவிட்டார். அவரைத் திட்டாதே. அதைக் கேட்டுவிட்டு அந்த வராந்தாவில் நீ தனியாக உட்கார்ந்திருந்திருப்பாய். பிறகு என்னோடு பேசும்போது ‘பாப்பா இட்லி சாப்பிட்டா’ என்று மட்டும் சொல்லியிருக்கிறாய். எனக்கு உன் மேல் கோபமில்லை. இனிமேல் மட்டும் இப்படிச் செய்யாதே.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். மதினி சிநேகாவைப் பார்த்துக்கொள்வார். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. வந்ததும் ஒன்றும் கேட்காமல் என் கையைப் பிடித்துக்கொள். அழவேண்டும் என்றால் சேர்ந்தே அழுவோம். சாமியை ஏசவேண்டும் என்றாலும் சேர்ந்தே ஏசுவோம். பேசாமல் மட்டும் இருந்துவிடாதே, என்னிடமும் சரி, அவரிடமும் சரி.

நேரத்துக்குச் சாப்பிடு. அய்யா கொடுக்கச் சொன்னதாகப் பாப்பாவின் உச்சந்தலையில் ஒரு முத்தம் கொடு. முடி மறைக்காமல் அது நேராக அவளுக்கே போய்ச் சேரட்டும்.

உன்,
மலையாண்டி