எண்ணெயில் அழிந்த கோடு

தாபோடி, புனே
14.10.1996

அம்மாவுக்கு அநேக நமஸ்காரம். அப்பாவின் வலது கை இப்போதாவது கொஞ்சம் அசைகிறதா? நான் சௌக்கியம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். பரவாயில்லாமல் இருக்கிறேன்.

தொண்டைக் கான்சருக்குக் கரண்ட் வைப்பதில் முப்பத்துமூன்றுக்கு ஒன்பது முடிந்தது. வலியைவிட அலுப்புதான் அதிகம். போசரி பாக்டரியில் லீவு சொல்லிவிட்டேன். குரல் கம்மியிருப்பதால்தான் போன் செய்யவில்லை, வேறொன்றுமில்லை.

நடுவில் ஒரு கூத்து. உடம்புச் சூடு தணிய எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொல்லி எழுதியிருந்தாயே, சனிக்கிழமை குளித்தேன். கரண்ட் எங்கே விழவேண்டும் என்று கழுத்தில் போட்டிருந்த ஊதா மைக்கோடெல்லாம் சீயக்காயோடு போய்விட்டது. இன்று ஆஸ்பத்திரியில் கோடு போடும் ஷிண்டே மேடம், “அரே, கிஸ்னே போலா?” என்று கத்தினார். யார் சொன்னது என்று கேட்கிறார். “அம்மா” என்றேன். அதற்குமேல் அவர் திட்டவில்லை. என்னை அசையாமல் படுக்கவைத்து, மறுபடி அளந்து, நிதானமாகப் போட்டுவிட்டார். தீபாவளிக்கும் எனக்கு எண்ணெய் கிடையாதாம்.

அப்பாவை விட்டுவிட்டு நீ கிளம்பி வராதே. சட்டைக் காலர் உரசிக் கழுத்து எரிகிறது. சுற்றிக்கொள்ள உன் பழைய நூல்புடவை ஒன்றைப் பார்சலில் போடு.

தபால் எடுக்கிற நேரமாகிவிட்டது. புடவையைத் துவைக்காதே அம்மா, நீ கட்டியிருந்தது அப்படியே வரட்டும்.

பாலு