காயாத தங்கப் பெயிண்ட்

என் செல்ல அண்ணி,

போன வாரம் உங்க வருஷ திதி. எங்க அண்ணன், அதான் உங்க வீட்டுக்காரர், என்ன பண்ணி வச்சாருன்னு உங்ககிட்ட சொல்லாம யார்கிட்ட சொல்ல?

கறுப்பு பாலிமர் கிளேயில கம்மல் பண்ணி, ஓவன்ல சுட்டு, பெயிண்ட் பூசாம டப்பா நிறைய வச்சிருந்தீங்களே. உங்க கை பட்டதுன்னு மிச்சம் இருந்தது அது மட்டும்தான். அதை திதிக்கு வர்ற பொம்பளைங்களுக்கு உங்க நினைவா குடுக்கணும்னு இந்தப் பெரிய துரைக்கு திடீர்னு ஆசை. நீங்க இருந்தவரைக்கும் பசங்க விளையாட்டுன்னு அதை ஏறெடுத்தும் பார்க்காத மனுஷன். பாடி ஏரியாவுல, வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கிற கடையிலேர்ந்து கோல்டு ஸ்ப்ரே வாங்கிட்டு வந்து, மொட்டை மாடியில பேப்பர் விரிச்சு, பம்பருக்கு அடிக்கிற மாதிரி அடிச்சுத் தள்ளிட்டாரு.

நான் ஆவடியிலேர்ந்து வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருந்தது. இந்த ஸ்ப்ரே கிளேக்கு ஆகாது, எத்தனை நாளானாலும் பிசுபிசுன்னே நிக்கும்னு சொன்னேன். "தங்கம் மாரி மின்னுது, உனுக்கு இன்னா பொறாமை?"ன்னாரு. அறிவுக்கும் அவருக்கும் எப்பவுமே ஏழாம் பொருத்தம்தான்.

நீங்க கீறின இலை நரம்பெல்லாம் அப்பிப் போச்சு. மோதிர விரல்ல துளி பெயிண்ட் தொட்டு, மேடான இடத்துல மட்டும் தேய்ப்பீங்களே, பள்ளத்துல கறுப்பு அப்படியே நிக்குமே, அந்த அழகு எங்க போச்சு? வந்தவங்க கையில பிசுக்கோட முழிச்சாங்க. பட்டாபிராம் சித்தி மட்டும் மரியாதைக்கு மாட்டிக்கிட்டு, காதுமடலெல்லாம் தங்கமா பந்தியில உட்கார்ந்தாங்க.

எல்லாரும் போனப்புறம் மெதுவா வந்து கேட்டாரு: "அவ எதுல பூசுவா? ஒரு பிரஷ்கூட ஊட்ல காணோமே."

பதினோரு வருஷம் உங்ககூட குடும்பம் நடத்தினவரு, அண்ணி. அந்த விரல்ல தங்கம் ஒட்டாத நாளே கிடையாது. சோறு போட வந்தா, போய்க் கையைக் கழுவுன்னு விரட்டின ஆள்தானே இவரு? நான் காலி டப்பாவை எடுத்து வைக்கப் போயிட்டேன். தெரிஞ்சுக்கிட்டு இப்போ என்ன கிழிக்கப் போறாரு?

டப்பா அடியில போட்டிருந்த பேப்பருக்குக் கீழ, ஒரு ஜோடி மட்டும் ஸ்ப்ரே படாம தப்பிச்சுக் கிடந்தது. எடுத்துட்டு வந்துட்டேன். உங்க பெயிண்ட் பாட்டிலும் என்கிட்டதான் இருக்கு, எப்படிப் பூசணும்னும் தெரியும். ரெண்டு தடவை மூடியைத் திறந்தேன், கை போகலை.

இதுல நான் பூச மாட்டேன் அண்ணி, சத்தியமா. இப்படியே போட்டுக்குவேன். என்னடி கம்மல் பாதியில நிக்குதுன்னு யாராவது கேட்டா, பூசறவங்க செத்துட்டாங்கன்னு சொல்வேன்.

அவருக்குத் தங்கச்சின்னு சொல்லிக்கக் கூசுற,
உங்க நாத்தனார்
கோமதி