ஆமென் சொல்ல ஆள் வேண்டும்

கர்த்தருக்குள் பிரியமான மாப்பிள்ளைக்கு,

பன்னிரண்டு மாடிக் கட்டடங்களின் ஏற்ற இறக்கங்களுக்கெல்லாம் அதிபதியும், லிஃப்ட் மெக்கானிக் திலகமும், உங்கள் மனைவியின் ஒரே அண்ணனுமாகிய நான் எழுதிக்கொள்வது.

இந்தக் கடிதத்தில் வரும் கதையை யாரும் நம்பப்போவதில்லை என்று முதலிலேயே சத்தியம் செய்து கொடுக்கிறேன். நீங்கள் நம்பமாட்டீர்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலருகே உங்கள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் என் தங்கை நிச்சயமாக நம்பமாட்டாள். தொட்டிலில் கிடந்த காலத்திலிருந்தே அவள் நான் சொன்ன எதையும் நம்பியதில்லை.

முதலில் நலம். பிள்ளைகள் இருவரும் சுகம். வீடு நின்ற இடத்தில் நிற்கிறது. உங்கள் சட்டைகளை மெஷினில் போட்டுத் துவைத்தேன். இப்போது அவை சின்னவள் குட்டிக்கு அளவாக இருக்கின்றன. நான் பொரித்த முட்டையை மோந்து பார்த்த தெருநாய் ஊரைவிட்டே போய்விட்டது. பெரியவளுக்கு ஜட்ஜம்மா என்று பெயர் வைத்திருக்கிறேன். சமையலறையில் நான் எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடிக்கும் தீர்ப்பு வழங்குகிறாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் சாப்பாட்டு மேசைச் சட்டத்தைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லி வைக்கவில்லை, மாப்பிள்ளை. வந்த முதல் சாயங்காலம் குட்டி கண்ணை மூடி அழகாக ஜெபித்தாள். சாப்பாட்டுக்கு நன்றி, அம்மாவுக்கு பலம், அப்பாவுக்கு சுகம், மாமாவுக்கு நல்ல புத்தி. பிறகு சத்தமில்லை. முடிந்தது என்று தட்டில் கை வைத்தேன். ஜட்ஜம்மா என் கையில் பட்டென்று ஒன்று வைத்தாள். “மாமா, இன்னும் முடியல. ஆமென் அப்பாதான் சொல்லணும்” என்றாள்.

காய்கறிச் சந்தையில் ஏலம் கூறுகிற தொண்டை உங்களுடையது. நீங்கள் ஆமென் சொன்னால் மேல்வீட்டுக்காரர் தன் சாப்பாட்டை ஆரம்பிப்பார் என்று கேள்வி. தொண்டை ஆபரேஷனுக்கு முந்தின சாயங்காலம்வரை ஆஸ்பத்திரியிலிருந்து போனிலேயே சொல்லி முடித்து வைத்தீர்களாம். இப்போது என்ன செய்வது? சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. குட்டிதான் வழி கண்டுபிடித்தாள். “அப்பா சொல்ற வரைக்கும் ஜெபம் திறந்தே இருக்கட்டும். கடவுள் கேட்டுக்கிட்டே இருப்பாரு. நாம சாப்பிடலாம்” என்று ஸ்பூனை எடுத்துவிட்டாள்.

அன்றிலிருந்து என் பாடு திண்டாட்டம். வீடு முழுக்க ஜெபத்துக்குள் இருக்கிறது. குளிக்கும்போதும் ஜெபம், செருப்புத் தேடும்போதும் ஜெபம். அக்கா தங்கை சண்டை கிடையாது. ஒருமுறை லிஃப்டில் யானையை ஏற்றி மொட்டை மாடியில் இறக்கிய கதையை ஆரம்பித்தேன். தும்பிக்கையை உள்ளே இழுப்பதற்குள் குட்டி விரலை உதட்டில் வைத்து, “பொய் சொல்லாதீங்க மாமா, அவரு கேட்டுக்கிட்டு இருக்காரு” என்றாள். பிழைப்பே போயிற்று.

பிறகுதான் நீங்கள் சிலேட்டில் எழுதிக் காட்டியதைத் தங்கை போனில் சொன்னாள். குரல் திரும்புமா என்று டாக்டரே உறுதியாகச் சொல்லவில்லை, இனிமேல் பெரியவளே ஆமென் சொல்லட்டும், என்னைப் போன் பக்கம் கூப்பிடாதீர்கள் என்று எழுதினீர்களாம். நானும் புத்தியில்லாமல் அதை மேசையில் வைத்தே பிள்ளைகளிடம் சொன்னேன்.

ஜட்ஜம்மா முகம் வெளுத்துப்போயிற்று. ஆனாலும் நிமிர்ந்து உட்கார்ந்து ஆமென் என்றாள். குட்டி நாற்காலி கவிழ எழுந்தாள். “நீ சொன்னது செல்லாது! முடிச்சிட்டா அவரு போயிடுவாரு! அப்பாவுக்கு இன்னும் சரியாகல!” என்று கத்தினாள். பெரியவளும் விடவில்லை. “அப்பாவுக்குக் குரல் வராதுடி, புரிஞ்சுக்கோ” என்றாள். குட்டி ஓடிப்போய்க் குளியலறையில் நுழைந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

உள்ளே குழாய் திறக்கும் சத்தம். கூப்பிட்டேன். அழுகைகூட இல்லை. தண்ணீர் விழும் சத்தம் மட்டும். மாப்பிள்ளை, கதவுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டவர்களை மீட்பதுதான் என் தொழில். அந்தக் கதவைக் கழற்ற எனக்கு ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். எடுத்தும் வந்துவிட்டேன். திருகாணியில் வைத்ததும் உள்ளிருந்து, “திறக்காதீங்க மாமா” என்றாள். கையை எடுத்துவிட்டேன்.

லிஃப்டுக்குள் மாட்டியவர்களிடம் வெளியிலிருந்து ஒரு வசனம் சொல்வோம். “ஒண்ணும் இல்லை, பயப்படாதீங்க, ரெண்டே நிமிஷம்.” கேபிள் என்ன நிலையில் இருக்கிறது என்று எனக்கே தெரியாதபோதும் அதைத்தான் சொல்வேன். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள். “ஜெபம் இன்னும் முடியல மாமா. நிஜத்தைச் சொல்லுங்க. அப்பாவுக்குக் குரல் வருமா?”

பக்கத்தில் ஜட்ஜம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பொய்யில் பட்டம் வாங்கியவன் நான்; ஒரு பொய்கூட நாக்குக்கு வரவில்லை. “தெரியலடா செல்லம். டாக்டருக்கும் தெரியல” என்றேன்.

தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. கெடுத்துவிட்டோம் என்று நினைத்தேன். பிறகு குழாய் நின்றது. தாழ்ப்பாள் நகர்ந்தது. முகமெல்லாம் ஈரமாக வெளியே வந்து, “அப்படின்னா அவருகிட்ட இன்னும் கேட்டுக்கிட்டே இருக்கலாம்” என்றாள். அதைக் கேட்டதும்தான் பெரியவள் உடைந்தாள். “நான் சொன்னா ஆமென் மாதிரியே இல்ல மாமா” என்று தங்கையைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

இனி வேண்டுகோள். ஏலம் முடிக்கிறபோது பலகையில் தட்டுவீர்களே, அதேபோல ஆமெனுக்கு முன்னால் மேசையிலும் உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டுவீர்களாமே? அது போதும் என்கிறாள் குட்டி. “அப்பா தட்டட்டும், மீதி அவருக்குப் புரியும்” என்கிறாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. இந்தக் கடிதம் கிடைக்கும் சாயங்காலம் போனைக் கட்டிலின் சட்டத்தோடு சேர்த்துப் பிடிக்கத் தங்கையிடம் சொல்லுங்கள். நாங்கள் தட்டுகளுக்கு முன்னால் உட்கார்ந்திருப்போம். குரலோடுதான் வருவேன் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள், மாப்பிள்ளை. இந்தப் பிள்ளைகள் கேட்டது உங்களை.

மேலே சொன்ன பொய்களைத் திருத்திவிடுகிறேன்: சட்டை சுருங்கவில்லை. நாய் வாசலில் கொழுத்துப்போய்ப் படுத்திருக்கிறது. யானையை விட்டுவிடுங்கள். இன்னும் ஒரே ஒரு சின்ன விஷயம், இதுவும் நிஜம். அன்று ஆறிப்போன சாப்பாட்டுக்கு முன்னால் மூன்று பேரும் மறுபடி உட்கார்ந்தபோது, குட்டி என் பக்கம் திரும்பி, “இன்னிக்கு உங்க முறை மாமா” என்றாள். நானும் கண்ணை மூடினேன். உங்கள் பெயரைச் சொன்னேன். அதற்குமேல் சொல்லத் தெரியாமல் நிறுத்திவிட்டேன்.

அது இன்னும் திறந்தே இருக்கிறது. வந்து முடித்து வையுங்கள்.

இப்படிக்கு,
காத்திருக்கும் மூவருள் மூத்தவன்