நாத்துமேடைக்குப் போன கம்பளி

ஜனவரி 9, 1958. வியாழன்
பகல் முழுக்க வெயில். மேகமில்லை, காத்தில்லை. விடியக்காலம் பனி கொட்டும். சின்னத் தேயிலைக் கன்னெல்லாம் கருகாமப் பாக்க, எங்க வீட்டுக்காரரை நாத்துமேடைக் காவலுக்குப் போட்டுட்டார், தோட்டத்துல வேலை ஏவுற கண்டாக்கையா. கூட மேல் லயத்து வீட்டு லெச்சுமி. கன்னு மேல வெயில் படுறதுக்குள்ள தண்ணி தெளிச்சுப் பனியைக் கரைக்கணுமாம்.

சோறு திங்கிறப்ப சொல்றார்: "லெச்சுமிக்கு என்னா கை புள்ள! அவ தொட்ட கன்னு ஒண்ணு சாகலை."

எனக்கும் கை இருக்கு. இன்னைக்குக் கொழுந்து பறிச்சதுல என் கூடைதான் கனம். அதைச் சொல்ல அவருக்கு வாயில்லை.

கடையில வாங்கணும்: மண்ணெண்ணெய். கருவாடு. சவுக்காரம்.

சனி 11
வீட்டுல இருந்த ஒரே கம்பளியைக் காணோம். கேட்டேன். "மேடைக்குக் கொண்டு போனேன். பொல்லாத குளிரு." சாக்கைப் போத்திப் படுத்தேன்.

பீலியில தண்ணி புடிக்கிறப்ப பக்கத்து வீட்டு ராக்கு சிரிக்கிறா: "ஒங்க கம்பளி லெச்சுமி தோள்ல கெடக்கு. தெரியாதா?"

குடம் நெறையலை. தூக்கிட்டு வந்துட்டேன்.

ஞாயிறு
குழம்புல உப்பை அள்ளிப் போட்டேன். மொகம் சுளிக்காமத் தின்னுட்டு எந்திரிச்சுப் போறார். இன்னும் எரிச்சல்.

லெச்சுமி புருஷன் தீபாவளி கழிச்சு இந்தியா போனவன், ஒரு சேதியும் இல்லை. பாவம்னு நானே சொல்லியிருக்கேன். இப்ப சொல்ல வரலை. அவளுக்கு எடுப்பான மூக்கு வேற.

திங்கள்
பெரட்டுல பேர் குடுக்கிறதுக்கு முன்னாடியே மேடைக்குப் போனேன். கையும் களவுமாப் புடிக்க. எங்க பாத்தாலும் வெள்ளை. கன்னை மூடின மானாப்புல்லு மொடமொடன்னு கெடக்கு. அவர் அந்தக் கோடியில புல்லை எடுக்கிறார். இந்தக் கோடியில லெச்சுமி, வாளித் தண்ணியில கை. தோள்ல என் கம்பளி.

என்னைப் பாத்ததும் கழட்டி நீட்டினா. "அண்ணே குடுத்தாரு அக்கா. வேணாம்னுதான் சொன்னேன்."

கம்பளிக்கு உள்ளே வயிறு. அஞ்சு மாசம் இருக்கும். யாருக்கும் சொல்லலை போல.

வாங்கிக்கிட்டேன். ஆமா, வாங்கிக்கிட்டேன். போத்திக்கிட்டு ரெண்டு எட்டு நடந்தேன். முடியலை. திரும்பி வந்து அவ மேல போட்டுட்டு வாளியைப் புடுங்கினேன். "நீ குந்து."

ஒரு மேடை முழுக்க நான்தான் தெளிச்சேன். வெரலு மரத்துப் போச்சு. அவர் பாத்துட்டு அடுத்த மேடைப் புல்லை எடுக்கப் போனார்.

செவ்வாய்
பொங்கல். பால் பொங்குறப்ப ரெண்டு பேரும் சிரிச்சோம். அப்புறம் அவர் லெச்சுமிக்கு ஒரு கிண்ணம் எடுத்து வைக்கச் சொன்னார். வச்சேன். முந்திரி போடலை.

புதன் 15
மேகம். பனி இல்லை. கண்டாக்கையா வந்து மேடையைப் பாத்தார். நான் தெளிச்ச மேடையில ஒரு எலை கருகலை. மத்ததுல எலை ஓரம் கருகியிருக்கு. மழை வந்து கன்னைப் புதுமலையில நடுற வரைக்கும் மேடைக்கு இன்னொரு பொம்பளை வேணுமாம். கொழுந்துக்குப் போக வேண்டியதில்லை.

எங்க வீட்டுக்காரர் பக்கத்துல நின்னார். தலையைச் சொறிஞ்சார்.

"அக்காவைப் போடுங்கய்யா. எனக்கு மேல அவங்க கை"ன்னு சொன்னது லெச்சுமி.

நாளையிலருந்து எனக்கு மேடை வேலை. சந்தோஷம்தான். ஆனா அந்த வார்த்தையை அவர் சொல்லலை, அவ சொன்னா. அதுதான் பொறுக்கலை.